கடல்தரை எப்படிப் பிறக்கிறது: காராக்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

உலகத்துக் கடல்களின் அடியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் புதுத் தரை உண்டாகிறது. ஏக்கரில் சொன்னால் 740 சொச்சம். மலேசியாவில் பகாங் மாநிலத்தின் பெந்தோங் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் காராக்கில் இந்தக் கணக்கைச் சொன்னால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 740 ஏக்கர் என்றால் ஒரு தோட்டம். லயம், கோயில், பள்ளிக்கூடம், பந்துத் திடல், ஆபீஸ் எல்லாம் அடங்கிய ஒரு முழுத் தோட்டம். அத்தனை நிலம் வருடா வருடம் இருட்டில், யார் கண்ணிலும் படாமல் முளைத்துக்கொண்டே இருக்கிறது.

சனிக்கிழமை மாலைகளில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித் தருகிறேன். இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் மூன்று வரியில் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள்: தட்டுகள் விலகும், மாக்மா மேலே வரும், புதிய கடல்தரை உருவாகும். (தட்டு என்றால் பூமியின் மேற்புறத்தைப் பங்குபோட்டிருக்கும் பெரிய பாறைப் பலகை, மாக்மா என்றால் உருகிய பாறைக் குழம்பு.) பரீட்சைக்கு அது போதும். தட்டு ஏன் விலகுகிறது, கல் எப்படி உருகுகிறது, இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் மண்டபம் அமைதியாகிவிடும். வேறு ஊரென்றால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். பெந்தோங் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த அமைதி கூடாது. ஏன் என்பதற்குக் கடைசிப் படியில் வருவோம்.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பெற்றோர், டியூஷன் ஆசிரியர்கள், தானாகவே படிக்கிற பிள்ளைகள், எல்லாரும் இதை வரிசையாகப் பின்பற்றலாம். வேண்டியவை ஒரு உலக வரைபடம் (கடலடி மலைகளும் தெரிகிற படமாக இருக்கட்டும், கைப்பேசியில் இருந்தாலும் சரி), ஒரு காலி அட்டைப்பெட்டி, நீளமான காகிதம், சிவப்பு, நீலப் பேனாக்கள், ஒரு நாணயம்.

படி 1: எது கடல்தரை, எது முங்கிய நிலம்?

இங்கே தவறினால் பிறகு எல்லாமே குழம்பிவிடும். குவந்தான் கடற்கரையில் கால் நனைக்கிறோமே, அந்தத் தண்ணீருக்கு அடியில் இருப்பது கடல்தரை என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். அது நம் நிலத்தின் தொடர்ச்சி, தண்ணீர் ஏறி மூடிக்கொண்ட நிலம். மலாக்கா நீரிணையும் அப்படித்தான். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் தீபகற்பத்தோடு ஒரே நிலமாக ஒட்டியிருந்தன.

உண்மையான கடல்தரை வேறு சாதி. கண்டத்து மேலோடு பெரும்பாலும் கருங்கல் வகை. 35, 40 கிலோமீட்டர் தடிப்பு, ஆனால் எடை குறைவு. கடலடி மேலோடு பசால்ட் என்கிற கறுத்த எரிமலைப் பாறை. 6, 7 கிலோமீட்டர்தான் தடிப்பு, எடை அதிகம். இலேசான, தடித்த கட்டை தண்ணீரில் உயர்ந்து மிதக்கும். மெல்லிய, கனமான பலகை தாழ்ந்து மிதக்கும். கடல்தரை தாழ்ந்து கிடப்பதற்கும் அதன்மேல் தண்ணீர் தேங்குவதற்கும் காரணம் இதுதான். பள்ளம் இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது என்று விட்டுவிடாமல், அந்தப் பள்ளம் எதனால் ஆனது என்றும் கேட்கப் பழக்குங்கள்.

படி 2: விரிசலை வரைபடத்தில் கண்டுபிடியுங்கள்

அட்லாண்டிக் கடலின் நடுவில் விரலை வையுங்கள். வடக்கே ஐஸ்லாந்திலிருந்து தெற்கே கடைசிவரை ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் எப்படி வளைகின்றனவோ அப்படியே அதுவும் நடுவில் வளைந்து போகிறது. அங்கிருந்து இந்தியப் பெருங்கடலுக்குள் திரும்பி, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே போய், பசிபிக்கின் கிழக்குப் பக்கம் ஏறுகிறது. மொத்தம் 65,000 கிலோமீட்டர் அளவுக்கு நீளம். நம் பூமியிலேயே மிக நீளமான மலைத்தொடர் இதுதான், கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீருக்கடியில் கிடக்கிறது.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமொண்ட் ஆய்வுக்கூடத்தில் மேரி தார்ப் என்ற பெண், கப்பல்கள் எதிரொலி வைத்து அளந்த ஆழங்களை 1952 வாக்கில் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தார். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற அவருக்கு அப்போது அனுமதி இல்லை. பிறர் கொண்டுவந்த எண்களை மட்டும் வைத்து, மலைத்தொடரின் உச்சியில் நீளவாக்கில் ஒரு பள்ளத்தாக்கு ஓடுவதை அவர் கண்டார். தரை அங்கே பிளக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். பின்பு நிலநடுக்கங்கள் நடந்த இடங்களை அதே அளவுப் படத்தில் குறித்து மேலே வைத்துப் பார்த்தபோது, புள்ளிகள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே வரிசையாக விழுந்தன. இந்தக் கதையை நம் பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன்.

இந்த விரிசல் எப்போதும் கடலுக்குள்தான் தொடங்குகிறது என்று எண்ணிவிடக் கூடாது. எத்தியோப்பியாவின் அஃபார் வட்டாரத்தில் 2005 செப்டம்பரில், வறண்ட நிலத்தில், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை பிளந்தது. சில வாரத்துக்குள் சில இடங்களில் 8 மீட்டர் அகலத்துக்கு விலகியது. ஒரு கண்டம் கிழிகிற காட்சி அது. கிழிசல் பெரிதாகித் தண்ணீர் புகுந்த நிலை செங்கடல். இன்னும் விரிந்து முதிர்ந்த நிலை அட்லாண்டிக். ஒரே வேலையின் மூன்று வயதையும் இன்றே பார்க்க முடிகிறது.

நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. தாய்லாந்துக்கு மேற்கே, சுமத்ராவின் முனைக்கு வடக்கே இருக்கும் அந்தமான் கடலின் நடுவில் ஏறக்குறைய 4 மில்லியன் ஆண்டுகளாகப் புதுத் தரை உண்டாகி வருகிறது. கிழக்கே தென் சீனக் கடலின் ஆழப் பகுதியில் அப்படியொரு விரிசல் 30 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னே திறந்து, 15, 16 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நின்றுபோனது. இந்தப் பக்கம் உயிரோடு ஒன்று, அந்தப் பக்கம் ஓய்ந்துபோன ஒன்று.

படி 3: சூடு கூடாமல் கல் உருகுவது எப்படி?

இதற்கு நேரம் கொடுங்கள். பாடத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

மேலோட்டுக்குக் கீழே நெருப்புக் குழம்பு கடல்போல் கொதிக்கிறது என்று பிள்ளைகள் படம் வரைவார்கள். அதை மெதுவாக மாற்ற வேண்டும். மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேண்டில் திடமான பாறை, பெரிடோடைட் என்கிற பச்சை கலந்த கனத்த பாறை. திடமாக இருந்துகொண்டே அது மிக மெதுவாக நகரும். சாலை போடுகிறவர்கள் விட்டுப்போன தார் பீப்பாயைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் அடித்தால் தார் கல்போல் உடையும். அதே பீப்பாயைச் சாய்த்துப் போட்டுவிட்டுச் சில நாள் கழித்து வந்தால் வெளியே வழிந்திருக்கும். மேண்டிலும் அந்த மாதிரிதான், நாள் கணக்குக்குப் பதில் மில்லியன் ஆண்டுக் கணக்கு.

இரண்டு தட்டுகள் விலகும்போது நடுவில் இடம் விழுகிறது. அதை நிரப்பக் கீழிருக்கும் சூடான பாறை, ஏறக்குறைய 1,300 பாகை சூட்டோடு, மேலே ஏறுகிறது. ஏற ஏற அதன் தலைமேல் இருந்த பாறையின் பாரம் குறைகிறது. சூடு கூடவில்லை, உண்மையில் கொஞ்சம் குறைகிறதுகூட. ஆனாலும் உருகத் தொடங்குகிறது. ஏன்?

கேமரன் மலையில் சொந்தக்காரர் வீட்டில் சோறு வடித்தவர்களுக்குத் தெரியும். அங்கே தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும், சோறு வேகத்தான் நேரமெடுக்கும். மலைமேல் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் கொதிக்கத் தேவையான சூடும் குறைவு. பாறை உருகுவதும் இந்த வழக்கப்படிதான். அழுத்தம் அதிகமாக இருக்கும்வரை 1,300 பாகையிலும் கெட்டியாக நிற்கும். 60, 70 கிலோமீட்டர் ஆழம்வரை ஏறி வந்து பாரம் குறைந்ததும் அதே சூட்டில் இளகும். அடுப்பைக் கூட்டவில்லை, மூடியைத்தான் தளர்த்தினோம்.

முழுப் பாறையும் உருகிவிடாது. நூற்றில் பத்து முதல் இருபது பங்குதான். தேங்காய்ப் பூவைப் பிழிந்தால் பால் தனியே வருகிறது, சக்கை கையில் தங்கிவிடுகிறது, இல்லையா? பால் தேங்காயிலிருந்து வந்ததுதான், ஆனால் தேங்காய் போல இருக்காது. பெரிடோடைட்டைப் பிழிந்து எடுத்த பால்தான் பசால்ட் குழம்பு. சக்கை மேண்டிலாகவே கீழே தங்குகிறது. கடல்தரை ஏன் மேண்டிலைப் போல் இல்லாமல் வேறு பாறையாக இருக்கிறது என்ற கேள்விக்கு இதுவே விடை.

படி 4: விரிசலும் கோட்டுப்பாலும்

என் அப்பா முப்பது ஆண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். விடியுமுன் தலைவிளக்கோடு போய், முதல் வேலையாக நேற்றைய வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் கோட்டுப்பாலை நகத்தால் கெல்லி, ஒரே நாடாவாக உரித்தெடுப்பார். பிறகு கத்தியை வைத்து மெல்லிசாக ஒரு சீவல். பட்டை திறந்ததும் பால் பொட்டுப் பொட்டாக அரும்பி, கோட்டோடு ஓடி, மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டும். சில மணி நேரத்தில் ஓட்டம் நின்று, கோட்டில் மிச்சமிருந்த பால் காய்ந்து மறுபடி நாடாவாகிவிடும். பிள்ளைகளில் பாதிப்பேர் இன்று செம்பனைக் காட்டுப் பிள்ளைகள், இதைப் பார்த்ததில்லை. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டு வரச் சொல்லுங்கள்.

நடுக்கடல் விரிசலில் நடப்பது ஏறக்குறைய இதுதான். தரை பிளக்கிறது, கீழே தேங்கியிருந்த குழம்பு பிளவில் ஏறுகிறது, அங்கேயே உறைந்து செங்குத்தான ஒரு பாறைச் சுவராக நிற்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே பழைய கோட்டுப்பாலை யாரும் உரித்துப் போடுவதில்லை. அடுத்த பிளவு பெரும்பாலும் அந்தச் சுவருக்கு நடுவிலேயே விழுகிறது. பழைய சுவரில் பாதி இந்தப் பக்கத் தட்டோடும் பாதி அந்தப் பக்கத் தட்டோடும் போய்விடுகிறது. நடுவில் புதுச் சுவர். இப்படியே சுவருக்குள் சுவராக, அடுக்கி வைத்த புத்தகங்கள் போல நிற்கின்றன.

இன்னொன்றையும் அப்பாவின் கத்தியே விளக்கிவிடும். பட்டையைத் திறந்தது பால் இல்லை, கத்தி. கடல்தரையிலும் குழம்பு தள்ளித் தட்டு விலகுவதில்லை, தட்டு விலகுவதால்தான் குழம்பு வருகிறது. நானே பல ஆண்டு இதைத் தலைகீழாகச் சொல்லித் தந்தேன். உங்கள் பிள்ளையின் நோட்டில் ‘மாக்மா தட்டுகளைத் தள்ளுகிறது’ என்று இருந்தால் திருத்திவிடுங்கள். அப்படியானால் கத்தி எது? படி 8-இல் வரும்.

பிளவின் வழியே தரைக்கு மேல் வந்துவிடும் குழம்பின் கதை வேறு. 1,200 பாகைச் சூட்டில் வருகிற அது, 2 பாகைக் குளிரில் இருக்கும் கடல்நீரைத் தொட்டதும் வெளித்தோல் சட்டென உறைகிறது. உள்ளே குழம்பு இன்னும் இளகியே இருப்பதால், தோலைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த உருண்டை வருகிறது. அதுவும் தோல் கட்டுகிறது. இப்படி உருண்டைமேல் உருண்டையாகக் குவிவதைத் தலையணை லாவா என்பார்கள். எந்த மலையில் இந்தத் தலையணைகளைப் பார்த்தாலும் சரி, அந்த லாவா ஒரு காலத்தில் தண்ணீருக்குள் வழிந்தது என்று சொல்லிவிடலாம்.

மேலே அரை முதல் ஒரு கிலோமீட்டர் தடிப்புக்குத் தலையணை லாவா, அதற்குக் கீழே ஒரு கிலோமீட்டர் சொச்சம் செங்குத்துச் சுவர்கள், அதற்கும் கீழே வெளியே வராமல் ஆழத்தில் மெல்ல ஆறி உறைந்த கேப்ரோ பாறை நாலைந்து கிலோமீட்டர். கேப்ரோவும் பசால்ட்டும் ஒரே குழம்புதான். மெல்ல ஆறியதால் கேப்ரோவில் மணிகள் பெரிதாக, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். மொத்தம் 6, 7 கிலோமீட்டர், கடலடி மேலோடு தயார்.

வேகம்? வடக்கு அட்லாண்டிக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். மாதத்துக்கு 2 மில்லிமீட்டர். ஒரு நாள் வெட்டில் சீவிப்போகும் பட்டை எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. பசிபிக்கின் கிழக்கு முகட்டில் சில இடங்களில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர். ஆனால் இவை சராசரி. தட்டு இடைவிடாமல் இழுபடும், விரிசல் மட்டும் பிடித்துக்கொண்டு நின்று ஒருநாள் திடீரெனப் பிளக்கும். ஒரு மீட்டர் அகலச் சுவர் உருவாக அட்லாண்டிக் 40 ஆண்டு காத்திருக்க வேண்டும். கிழக்குப் பசிபிக் முகட்டில் ஓரிடத்தில் 1991-இலும், மறுபடி 2005–06-இலும் லாவா வழிந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

படி 5: கடல்நீரும் உள்ளே போகிறது

இதைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு இது தானாகவே பிடித்துவிடும். புதுத் தரை முழுக்க வெடிப்புகள். அவற்றில் கடல்நீர் இறங்கி, சூடேறி, பாறையிலிருந்து உலோகங்களைக் கரைத்துக்கொண்டு திரும்ப மேலே பீறிடுகிறது. சூடு 350 பாகைக்கும் மேல். ஆனாலும் கொதிப்பதில்லை, இரண்டரை கிலோமீட்டர் தண்ணீரின் பாரம், அதாவது ஏறக்குறைய 250 மடங்கு காற்றழுத்தம், அதை அமுக்கி வைத்திருக்கிறது. (படி 3-இல் சொன்ன கேமரன் மலைக் கணக்கு இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள்.) குளிர்ந்த நீரில் கலந்ததும் உலோகங்கள் கரும்புகை போலப் பிரிந்து, புகைபோக்கியாகப் படிகின்றன.

1977-இல் ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கியில் காலாபகோஸ் பக்கம் இறங்கியவர்கள் வெந்நீர் ஊற்றுகளையும் அவற்றைச் சுற்றி நெருக்கமாக வாழும் உயிர்களையும் முதன்முதலாகக் கண்டார்கள். வாயும் குடலும் இல்லாத பெரிய குழாய்ப் புழுக்கள், அவற்றின் உடலுக்குள்ளேயே உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள். சூரிய ஒளி அங்கே எட்டாது. பாறையிலிருந்து வரும் வேதிப்பொருளே அவற்றுக்குச் சோறு.

படி 6: அட்டைப்பெட்டிக் கடல்

இதுவரை சொன்னதெல்லாம் உண்மையென்று எப்படி நம்புவது? பெட்டியை எடுங்கள்.

பெட்டியின் மேல்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய கீறல் போடுங்கள். இரண்டு நீளக் காகித நாடாக்களைப் பெட்டிக்குள் விட்டு, இரண்டின் முனையையும் கீறல் வழியே வெளியே எடுத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் மடியுங்கள். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடிக்கட்டும். மூன்றாவது பிள்ளை நாணயத்தைச் சுண்டட்டும். ஒவ்வொரு சுண்டலுக்கும் இருவரும் விரல் அகலம் இழுக்க வேண்டும். பூ விழுந்தால் புதிதாக வெளிவந்த காகிதத்தில் இரு பக்கமும் சிவப்பு, தலை விழுந்தால் நீலம். இருபது தடவை செய்யுங்கள். பிறகு ஒரு நாடாவை எடுத்துத் திருப்பி மற்றதன்மேல் வையுங்கள். பட்டைகள் அப்படியே பொருந்தும். தொடர்ந்து நான்கு பூ விழுந்த இடத்தில் அகலச் சிவப்பு, மாறி மாறி விழுந்த இடத்தில் ஒல்லிக் கோடுகள். மண்டபத்தில் இதைச் செய்கிற நாளில் பிள்ளைகளின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

பூமியின் காந்தப் புலமும் இப்படித்தான் ஒழுங்கில்லாத இடைவெளியில் புரண்டு விழுந்திருக்கிறது, வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும். கடைசியாகப் புரண்டது ஏறக்குறைய 780,000 ஆண்டுகளுக்கு முன். பசால்ட் குளிரும்போது அதிலுள்ள இரும்புத் தாது அப்போதைய காந்தத் திசையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே விரிசலின் இருபுறமும் ஒரே மாதிரிக் காந்தப் பட்டைகள் இருந்தாக வேண்டும். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பிரெட் வைனும் அவருடைய ஆசிரியர் டிரம்மண்ட் மேத்யூஸும் 1963-இல் இதை எழுதினார்கள். அவர்கள் கையில் இருந்த அளவீடு நம் இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் முகட்டில் எடுத்தது. கனடாவின் லாரன்ஸ் மோர்லியும் தனியே இதே முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய கட்டுரையை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. 1966-இல் வெளியான எல்டானின் என்ற ஆய்வுக் கப்பலின் தென் பசிபிக் காந்தப் பதிவில் இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல் பொருந்தி வந்தது. அதற்குப் பிறகு மறுத்தவர்கள் குறைந்துபோனார்கள். 1968-இல் குளோமர் சாலஞ்சர் கப்பல் தென் அட்லாண்டிக்கில் துளையிட்டுப் பார்த்தபோது, முகட்டிலிருந்து தள்ளிப் போகப் போக அடிப்படிவின் வயது கூடிக்கொண்டே போனது.

இப்போது கணக்கு. 780,000 ஆண்டு எல்லை முகட்டிலிருந்து 10 கிலோமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ஐ 0.78-ஆல் வகுத்தால் மில்லியன் ஆண்டுக்கு 12.8 கிலோமீட்டர். மில்லியன் ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர் என்பதும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பதும் ஒன்றுதான், இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்யலாம். ஆக ஒரு பக்கம் 12.8 மில்லிமீட்டர், இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 2.6 சென்டிமீட்டர். பிள்ளைகள் ஒரு பக்கத்தை மட்டும் கணக்குப் போட்டு நிறுத்திவிடுவார்கள், கவனியுங்கள்.

படி 7: விலக விலக அமிழ்கிறது

புதுத் தரை சூடானது, உப்பியிருக்கும். அதனால்தான் விரிசல் இருக்கும் இடம் மலையாகத் தெரிகிறது. தள்ளிப் போகப் போக ஆறிச் சுருங்கி, கனத்து, தாழ்கிறது. ஆழத்தை மீட்டரில் கணக்கிட எளிய வழி இது: தரையின் வயதை மில்லியன் ஆண்டில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 350-ஆல் பெருக்கி, 2,500-ஐக் கூட்டுங்கள். 25 மில்லியன் ஆண்டுத் தரை என்றால் 350 ஐந்து தடவை 1,750; கூட்டினால் 4,250 மீட்டர். ஏறக்குறைய 70 மில்லியன் ஆண்டு வயதுவரை இது நன்றாகப் பொருந்தும், அதற்குப் பின் தாழ்வது குறைந்துவிடும்.

படி 8: பூமி ஏன் பெரிதாகவில்லை?

இந்தக் கேள்வியைப் போன ஆண்டு நான்காம் படிவப் பெண் ஒருத்தி தானாகவே கேட்டாள். “டீச்சர், வருசா வருசம் 740 ஏக்கர் கூடுதுன்னா பூமி பெருத்துக்கிட்டே போகணுமே?” அந்தக் கேள்வி வரும்வரை நீங்களாக விடையைச் சொல்லாதீர்கள்.

கூடுகிற அளவு இன்னொரு பக்கம் கழிகிறது. ஆறிக் கனத்த பழைய தரை, வேறொரு தட்டின் விளிம்பில் அதன் அடியில் மடங்கி மேண்டிலுக்குள் இறங்குகிறது. பூமிக்கு வயது 4,500 மில்லியன் ஆண்டுக்கு மேல், ஆனால் பெருங்கடல்களில் இன்று கிடைக்கும் மிகப் பழைய தரை, மேற்குப் பசிபிக்கில், ஏறக்குறைய 180 மில்லியன் ஆண்டுதான். அதற்கு முந்தியவை கிட்டத்தட்ட எல்லாம் இறங்கிவிட்டன. இறங்கும் கனத்த பலகை தன் பின்னாலிருக்கும் தட்டு முழுவதையும் இழுக்கிறது. படி 4-இல் தேடிய கத்தி பெரும்பாலும் இதுதான். ஓரம் கீழே இறங்க, பெரிய மேசைவிரிப்பு தன் பாரத்தாலேயே சரிவதுபோல.

நமக்கு அடுத்தாற்போல் இது நடக்கும் இடம் சுமத்ராவின் மேற்குக் கரை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி அங்கே பிடித்துக்கொண்டிருந்த எல்லை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விடுபட்டது, நிலநடுக்கத்தின் அளவு 9.1. பினாங்கிலும் கோலா மூடாவிலும் அலை வந்து, நம் நாட்டிலும் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அன்று அழுத பல குடும்பங்களுக்குக் காரணம் தெரியாது. இந்தியப் பெருங்கடலின் ஏதோ ஒரு முகட்டில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த தரை, பயணம் முடிந்து இறங்குகிற இடம் அது.

படி 9: பெந்தோங் – ரவூப் சாலை

இனி நம் ஊருக்கு வருவோம். கேஎல் (கோலாலம்பூர்) ஒரு கண்டத்துண்டு, குவந்தான் வேறு கண்டத்துண்டு. இரண்டுக்கும் நடுவே பழைய தெதீஸ் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் ஒரு பெருங்கடல் இருந்தது. ஏறக்குறைய 400 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் டெவோனியன் காலத்தில் திறந்து, இதுவரை நீங்கள் படித்த படிகளின்படியே தரை பிறந்து விரிந்து, பிறகு அதன் தரை இறங்கி இறங்கி, டிரையாசிக் காலத்தில் (ஏறக்குறைய 250 முதல் 200 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்) முழுவதும் மூடிக்கொண்டது. இரண்டு துண்டுகளும் மோதி ஒட்டிய தையல் கோட்டுக்கு நிலவியலில் பெந்தோங்–ரவூப் தையல் என்றே பெயர். உலகத்தின் ஆய்விதழ்களில் நம் மாவட்டத்தின் பெயர் இதற்காகத்தான் அச்சாகிறது. மோதலின் சூட்டில் எழுந்த கருங்கல்தான் தித்திவாங்சா மலை. வெள்ளீயம் வந்ததும் அந்தக் கருங்கல்லால்தான். நம் பாட்டன்மார் ரப்பர் நட்ட சரிவுகள் அந்தத் தையலின் மேல்தான் கிடக்கின்றன. 2007 நவம்பரிலிருந்து புக்கிட் திங்கியில் சிறு சிறு நடுக்கங்கள் வந்தபோது பயந்தோமே, அதுவும் இந்தப் பக்கத்துப் பழைய பிளவுகளோடு சேர்த்துப் பேசப்படுவதுதான்.

மூடும்போது கடல்தரை முழுவதும் உள்ளே போய்விடவில்லை. துணுக்குகள் சீவப்பட்டு நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. பெந்தோங்கிலிருந்து ரவூப் போகும் பக்கம், சாலைக்காக மலையை வெட்டிய சில இடங்களில் செர்ட் என்ற பாறை பட்டை பட்டையாகத் தெரியும். ரேடியோலேரியா என்ற கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களின் கண்ணாடி போன்ற கூடுகள் ஆழ்கடல் தரையில் மழைபோல் விழுந்து படிந்து இறுகியது இது. அந்தச் சேறு ஒரு சென்டிமீட்டர் சேர ஆயிரக்கணக்கான ஆண்டு பிடிக்கும். கூடுகளின் வடிவத்தை வைத்துத்தான் அந்தக் கடல் எவ்வளவு காலம் இருந்தது என்று கண்டார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் ஞாயிறு காலை சீக்கிரம் போங்கள், பெரியவர் ஒருவர் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளட்டும், மழை பெய்த மறுநாள் வெட்டிய சரிவுக்குக் கீழே நிற்க வேண்டாம். சரிவில் ஏறத் தேவையில்லை, கீழே விழுந்து கிடக்கும் துண்டே போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பட்டைகளும் நிறமும் தெளியும், சாம்பல், கறுப்பு, சில இடத்தில் செம்மை. பழைய வெட்டுக் கத்தியின் முனையால் அழுத்திக் கீறுங்கள். சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் வெள்ளைக் கோடு குழியும்; செர்ட் என்றால் கல்லில் கீறல் விழாது, கத்தியின் இரும்புதான் அதன்மேல் தேய்ந்து மினுங்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி இருந்தால் ஈரமான முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சில துண்டுகளில் ஊசிமுனை அளவு உருண்டைப் புள்ளிகள் தெரியும். ஒரு பட்டையின் தடிப்பை அளந்து, அது எத்தனை ஆயிரம் ஆண்டுப் படிவு என்று அங்கேயே கணக்குப் போடச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், அடுத்த ஆண்டுப் பிள்ளைகளும் வருவார்கள்.